படத்தில் வராத சாக்கடை

அம்மா கழிவுநீர் ஏற்றும் நிலையத்தில் மோட்டார் இயக்குபவராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வார்டில் மழை பெய்தால் கீழ்த்தெரு வீடுகளுக்குள் சாக்கடை வரும். குழாய் குறுகல், சரிவும் போதாது. அதை மாற்றத்தான் நகரமன்றத் தேர்தலில் நின்றார்.

முதல் தடவை, எதிர்த்து நின்ற கான்ட்ராக்டரின் திட்டங்களைப் பத்திரிகை விரிவாகப் போட்டது. அம்மாவைப் பற்றி எழுதியது புடவை நிறத்தை மட்டும்தான். தோற்றார்.

அடுத்த தேர்தலில் பத்திரிகையிலிருந்து போட்டோகிராபர் வந்தார்.

"அடுப்படியில ஒண்ணு எடுத்துக்கறேன்க்கா. லேடி கேண்டிடேட்னா எடிட்டர் அதான் கேப்பார்."

"இங்க சமைக்கிறது எங்க வீட்டுக்காரர். அவரை வேணா நிக்கச் சொல்லவா?"

போட்டோகிராபர் சிரித்தார். ஆனால் கிளம்பவில்லை. அம்மா சற்று யோசித்துவிட்டு, நான் வரைந்து கொடுத்திருந்த வடிகால் வரைபடத்தை அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டினார். பற்றவைக்காத அடுப்பில் வெறும் பாத்திரம். கையில் கரண்டி.

"கரண்டியப் பாக்க வர்றவன் பின்னாடி இருக்கறதையும் பாப்பான்ல?" என்றார் என்னிடம்.

பத்திரிகையில் வரைபடம் இல்லை. வெட்டியிருந்தார்கள். அம்மா கரண்டியை ஆட்டிக்கொண்டு சிரிப்பதுபோல் இருந்தது. அந்த முறையும் தோற்றார்.

"வெறும் பாத்திரத்தக் கிண்டினவளுக்கு இத்தனை ஓட்டே ஜாஸ்தி," என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். பிறகு நிற்கவில்லை.

போன மாதம் இறந்துபோனார். அதே பத்திரிகையின் நிருபர் போன் செய்தார்.

"அம்மாவோட கைப்பக்குவம் பத்தி ரெண்டு வரி சொல்லுங்க சார்."

நான் குழாயின் அளவைச் சொன்னேன்.

"அதெல்லாம் வாசகருக்குப் புரியாது சார்."

"சாக்கடை வீட்டுக்குள்ள வந்தா புரியும். அந்த அடுப்படிப் படத்தையாவது முழுசாப் போடுங்க."

"பாக்கறேன் சார்."

மறுநாள் அதே வெட்டிய படம்தான் வந்தது.

அன்று மாலை போட்டோகிராபர் முழுப்படத்தைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு வந்தார். "நான் முழுசாத்தான் குடுத்தேன், தம்பி." சண்டை போட எனக்குத் தெம்பில்லை. அப்பா ஆணி அடித்து மாட்டினார். அப்போதுதான் பார்த்தேன்: அம்மா கரண்டியை ஆட்டவில்லை. அதன் நுனி வரைபடத்தில் கீழ்த்தெருவைத் தொட்டுக்கொண்டிருந்தது.

துக்கம் கேட்க வந்த கீழ்த்தெரு அம்மாள் படத்தருகே போய் உற்றுப் பார்த்தார்.

"கரண்டி இருக்கற இடம் எங்க வீடா?"

"ஆமாங்க."

"போன மழைக்கும் உள்ள வந்துச்சுப்பா," என்றார்.