ஆலங்கட்டி என் காலுக்கு, வாரிசு அவர் காலுக்கு

அரசவைக்கு முறையீடு: 1898 அக்டோபர் 14 அன்று, அரண்மனை நிர்வாகி நோவிட்சா அவர்களின் ஆணையால், நெடுங்காலம் அரண்மனைக் கணப்புகளைக் காத்துவந்த வுகோட்டா ஜுரிஷிச் ஆகிய நான் ‘ராசியற்ற காலுடையவன்’ என அறிவிக்கப்பட்டு வெளியேற்றப்பட்டேன். அவ்வாண்டின் கேடுகள் அனைத்தும் என் கால்மீது சுமத்தப்பட்டன. நன்மை மட்டும் வேறொருவர் காலுக்கு வழங்கப்பட்டது.

நான் கரிமூட்டம் போடுபவரின் மகன், பள்ளி கண்டதில்லை. எரிக்கச் சொல்லி அரண்மனை எழுத்தர்கள் கொடுத்த தாள்களை வைத்தே எழுத்துக் கற்றேன். படிக்காத தாளை எரிக்க மனம் வராது. படித்த தாளை எரிக்க அதைவிடவும் வராது. ஆகவே அனைத்தும் என்னிடம் பத்திரமாக உள்ளன.

அரசி அடெல்குண்டா வடக்கேயிருந்து மணமுடித்து வந்தவர், நல்லவர். நான்கு பெண்மக்களுக்குப் பின் ஆண்மகவு வேண்டி அவர் நம்பியது மர்தாரியே அடிகளாரை. அடிகளார் எந்த மடத்தில் துறவு பூண்டார் என்பது எந்த மடத்திற்கும் தெரியாது. அதற்குமுன் சந்தையில் கோவேறு கழுதை விற்றார் என்பது எல்லோருக்கும் தெரியும், அவை நொண்டின. அவர் கனவு காண்பார், அரசி அதன்படி நடப்பார். மீன் ஆகாதென்று கனவு வந்தால் அரண்மனையில் மீன் இராது. அமைச்சர் ஆகாதென்று கனவு வந்தால் அமைச்சர் இரார்.

கிறிஸ்துமஸ் காலையில் வீட்டுக்குள் முதலில் நுழையும் காலே அடுத்த ஓராண்டின் நன்மை தீமைக்குப் பொறுப்பு என்பது நம் வழக்கம். 1897இல் அந்தக் கால் தம்முடையதானால் ஆண்மகவு உறுதி என்றார் அடிகளார். ஆனால் முந்தைய மாலை முழுதும் பிளம் சாராயத்தோடு தவமிருந்தமையால் காலையில் அவர் எழவில்லை. அரசியின் அறையில் கணப்பு அணைந்துபோயிற்று. தாதி ஸ்தானா கதவைத் திறந்து என்னை அழைத்தாள்.

“அண்ணே, அம்மாவுக்குப் பல்லு தந்தி அடிக்குது. சீக்கிரம் உள்ள வாங்க!”

“இன்னைக்கு என்ன நாளுன்னு தெரியுமா புள்ள? சாமியார் இன்னும் வரலையே.”

“அவரு குறட்டை மாடிவரைக்கும் கேக்குது. அவரு எந்திரிக்கிறதுக்குள்ள அம்மா விறைச்சிப் போயிருவாங்க. வாங்கண்ணே!”

நுழைந்தேன். கட்டையைக் கிளறினேன்; பொறி பறந்தது. எல்லா வீட்டிலும் சொல்வதுபோல், ‘எத்தனை பொறியோ அத்தனை ஆண்பிள்ளை’ என்று வாய் சொல்லிவிட்டது. அரசி சிரித்தார். அடிகளார் வந்து சேர்ந்தபோது சூடான ரொட்டிகூட மிச்சமில்லை.

அடுத்த ஆண்டு ஆலங்கட்டி மழை பிளம் தோப்புகளை அழித்தது. அரசர் குதிரையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். எல்லைச் சண்டையில் மேய்ச்சல் மலைகளை இழந்தோம். செப்டம்பர் இறுதியில் அரசிக்கு ஆண்குழந்தை பிறந்தது. முதல் மூன்றுக்கும் என் காலே காரணம் என்று அடிகளாருக்குக் கனவு வந்தது. குழந்தைக்குத் தம் கால் காரணம் என்றும் அதே கனவிலேயே வந்தது. இரண்டாவதாக நுழைந்த காலுக்கு எந்த ஊரிலும் பலன் கிடையாது. இதை நிர்வாகியிடம் நேரில் எடுத்துரைத்தேன்.

“ஐயா, கால் ஒண்ணுதானே? ஆலங்கட்டி என்னாலன்னா பிள்ளையும் என்னாலதான். சேர்த்து எழுதுங்க.”

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“அட பாவி! அரசி பெத்த பிள்ளை உன்னாலன்னு நான் முத்திரை குத்தித் தரணுமா?”

“என் காலாலன்னு எழுதினாப் போதும் ஐயா.”

“காலோ கையோ, அரசர் காதுல விழுந்தா உன் தலையும் என் தலையும் ஒரே கூடையில கிடக்கும். ஓடிப்போ!”

ஆணை சந்தையில் வாசிக்கப்பட்டது. அன்றுமுதல் அடுப்புப் பழுது பார்க்க எவரும் என்னை வீட்டுக்குள் விடுவதில்லை. நேற்று ரொட்டிக்கடை யோவாங்கா, தன் கடைப் புகையில் இருமிக்கொண்டே, வாசலில் மறித்தாள்: “கோவிச்சுக்காதீங்க மாமா. புகை இருமலோட போயிரும். உங்க கால் உள்ள வந்தா என்னென்ன வருமோ!”

வாசலில் நின்றபடி அடுப்பைச் சீர்செய்ய இயலாது. வேறு தொழில் அறியேன். இக்குளிர்காலத்தை எதை உண்டு கழிப்பது?

ஆகவே, ஆலங்கட்டி, அரசரின் கால்முறிவு, மேய்ச்சல் மலைகள் ஆகியவற்றை என் கால்மீதிருந்து நீக்குக. அல்லது இளவரசரின் பிறப்பையும் அதே காலுக்கு வழங்குக. எதுவாயினும் சந்தையில் வாசிக்கப்பட வேண்டும். கனவு வழியே அனுப்பப்படும் பதில் ஏற்கப்படமாட்டாது. கையொப்பமும் முத்திரையும் கொண்ட எழுத்துமூலப் பதிலை வரும் கிறிஸ்துமஸுக்கு முன் கோருகிறேன்.