முதல் நாற்பது மைல்

மார்லிஸ் சமையல்கட்டில் வேலை பார்த்த ஊர் ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். எக்ஸ்ரே எடுக்கப் படித்தால் வேலை கிடைக்கும், ஆனால் அதற்கு இயற்பியல் கட்டாயம் என்றார்கள். ஐம்பத்தோரு வயதில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கல்லூரியில் போய்ச் சேர்ந்தாள்.

ஆஸ்பத்திரி மூடிய முதல் குளிர்காலத்தில்தான் அவள் கணவன் ஆர்லன் மாட்டுக்கொட்டகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். மொன்டானா மாநிலத்தின் அந்தப் பக்கத்துக்கு இருந்த ஒரே ஆம்புலன்ஸ் வேறெங்கோ போயிருந்தது. அடுத்த ஆஸ்பத்திரி எண்பது மைல். ஆர்லனின் தம்பி டுவேன் தன் பிக்கப் வண்டியை எடுத்தான். மார்லிஸ் பின்சீட்டில் கணவனின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் மணிக்கு முப்பது மைலில் ஊர்ந்து பாதி வழி வந்தபோது, டுவேன் இனி தன்னால் ஓட்ட முடியாது என்று வண்டியை நிறுத்தினான். அங்கிருந்து அவள் ஓட்டினாள். பனி வண்டி அங்கேயே திரும்பிப் போய்விட்டது, மேலே சாலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் வழுக்கிவிடுமோ என்று பயந்து அறுபதைத் தாண்டவில்லை.

"நாப்பது நிமிஷம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர்.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லோரும் சாப்பிடும்போது டுவேன் அவள் பக்கம் குனிந்து, "ஆக்சிலேட்டர கொஞ்சம் அழுத்தியிருக்கலாம், அண்ணி" என்றான். இரண்டு வருடம் அந்த வார்த்தை அவளைத் தூங்கவிடவில்லை.

கல்லூரியில் சேர்ந்த பிறகு அக்டோபரில் ஒரு நாள், இயற்பியல் வாத்தியார் காஸ்பர் வகுப்பில் எல்லோருடைய கணினித் திரையிலும் ஒரு குட்டிக் காரை ஓடவிட்டார். பாதித் தூரம் முப்பதில், மீதிப் பாதி அறுபதில் போனால் சராசரி வேகம் என்ன என்று கேட்டார்.

"நாப்பத்தஞ்சு. இதுக்கு எதுக்கு சார் கம்ப்யூட்டர்?" என்றான் பக்கத்தில் இருந்த பையன் டிரென்ட்.

"ஓட்டித்தான் பாரேன்."

நாற்பது என்று வந்தது.

"மெதுவா போற பாதியிலதான் நேரம் அதிகம் கரையுது. ரெண்டு வேகத்தையும் கூட்டி ரெண்டால வகுக்காதீங்க. மொத்தத் தூரத்த மொத்த நேரத்தால வகுங்க" என்றார் காஸ்பர்.

முப்பது, அறுபது என்ற எண்களைக் கேட்டதுமே மார்லிஸுக்கு அந்தப் பயணம் நினைவுக்கு வந்துவிட்டது. தூரத்தை எண்பது மைலாக மாற்றினாள். அன்று ஆன இரண்டு மணி நேரத்தில் நாற்பது நிமிடம் குறைய வேண்டுமானால் சராசரி அறுபது வர வேண்டும். முதல் பாதியைத் தொடாமல் இரண்டாம் பாதியின் வேகத்தை மட்டும் ஏற்றினாள். தொண்ணூறு வைத்தால் நாற்பத்தைந்து வந்தது. நூற்றிருபதுக்கு நாற்பத்தெட்டு. திரை அனுமதித்த முந்நூறு வரைக்கும் இழுத்தாள். ஐம்பத்தைந்தைக்கூடத் தொடவில்லை.

காஸ்பர் எட்டிப் பார்த்தார். "அது வராது, மார்லிஸ். எம்பது மைலுக்கு சராசரி அறுபதுன்னா மொத்தமே எம்பது நிமிஷம்தான், அது முதல் பாதியிலேயே தீந்துபோச்சு. இனிமே எவ்வளவு அழுத்துனாலும் ஒண்ணும் ஆகாது."

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபோதே நேரம் முடிந்திருந்தது. திரையை அச்செடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் நேரே டுவேனின் பண்ணைக்குப் போனாள். அவன் மாடுகளுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தான். கையுறையைக் கழற்றிவிட்டு அவள் சொன்னதைக் கேட்டான். தாளை நிதானமாகப் பார்த்தான். அவனுக்குக் கணக்கு வரும்.

"அப்ப காரணம் நான்தான்னு சொல்ல வந்திருக்கீங்க."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவன்தான் என்று சொல்லத்தான் வந்திருந்தாள். "ரெண்டு வருஷமா அந்தப் பழிய நான் சுமந்தேன், டுவேன்" என்றாள்.

அவன் மாடுகளைப் பார்த்தபடி சொன்னான்: "அந்த பனி வண்டிக்காரன் ரெண்டு தடவ ஓரங்கட்டி, முந்திப் போன்னு கை காட்டுனான். எனக்குப் பயமா இருந்துச்சு, அண்ணி. நான் போகல. நீங்க பின்னால அண்ணன் மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"தெரிஞ்சுக்கிட்டேதான் என்கிட்ட அழுத்தியிருக்கலாம்னு சொன்னியா?"

அவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த வைக்கோல் கட்டை இழுத்தான். அவனைத் திட்ட வேண்டும் என்றுதான் நின்றாள். குளிர் ஏறியதும் திட்டாமலே காருக்குத் திரும்பினாள்.

வசந்தத்தில் டுவேன் மாடுகளை விற்றுவிட்டு பக்கத்து மாநிலமான ஐடஹோவில் இருந்த மகள் வீட்டோடு போய்விட்டான். போகிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. இப்போதெல்லாம் அவன் கார் ஓட்டுவதே இல்லை, கடைக்குப் போகக்கூட மகள்தான் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டாள். அந்த வாரம் அவனுக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கினாள். "டுவேன்" என்று எழுதியதற்கு மேல் பேனா ஓடவில்லை.