என் அக்கா கிணற்றில் விழவில்லை

நீங்கள் அந்த ஆஸ்பத்திரிக்குள் ஒரு நாளும் கால் வைக்கவில்லை. வைத்ததாகப் போன மாதம் மேடையில் சொன்னது பொய்.

உங்கள் பழைய தொடர்கதை மறுபடி புத்தகமாக வந்திருக்கிறது. அதற்காகத் திருவனந்தபுரத்துத் தமிழர்கள் கூட்டம் போட்டு உங்களுக்குச் சால்வை போர்த்தினார்கள். நான் பின்வரிசையில் இருந்தேன். மனநோயாளிகள் நடுவில் மாதக்கணக்கில் இருந்து, நேரில் பார்த்து எழுதியது என்றீர்கள். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. எழுதுவது என் தொழில் இல்லை. ஆபீசில் மற்றவர்கள் எழுதியதை டைப் அடிப்பவள் நான். ஆனால் நீங்கள் பார்த்ததாகச் சொன்ன இடத்தில் என் அக்கா இருந்தாள். அதனால் எழுதுகிறேன்.

அறுபதுகளில் இதே ஊரில், வலியசாலையில் எங்கள் தெருவில் தமிழ் வாரப்பத்திரிகை வாங்கிய வீடு எங்களுடையது. அப்பா ஆபீஸ் விட்டு வரும்போது பழவங்காடியில் வாங்கி வருவார். மறுநாள் மத்தியானம் தெருப் பெண்கள் எங்கள் கூடத்தில் வந்து உட்காருவார்கள். பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம் என்று வளர்ந்தவர்கள். ஆகவே ஒருத்தி உரக்க வாசிக்க வேண்டும், மற்றவர்கள் பூ தொடுத்துக்கொண்டு கேட்பார்கள். எங்கள் தெருவுக்கு வாசித்தவள் என் அக்கா. அடுத்த தெருவில் கல்யாணம் ஆகிப் போன பிறகும் அந்த ஒரு மத்தியானத்துக்கு வந்துவிடுவாள்.

அவள் நடித்து வாசிக்க மாட்டாள். கதையில் யாராவது அழுதால் அவள் குரல் இன்னும் சமமாகும். மாமிகள்தான் மூக்கைச் சிந்துவார்கள். பிடிக்காத இடம் வந்தால் நிறுத்தி, "இது நடக்காத காரியமாக்கும்" என்பாள். "நீ வாசிடி, நடக்கறதும் நடக்காததும் நாங்க பாத்துக்கறோம்" என்று யாராவது அதட்டுவார்கள். அந்தக் குரலை நான் இன்னும் தேடுகிறேன். ரேடியோவில் செய்தி வாசிக்கும் பெண்கள் யாருக்காவது அது இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்கிறேன். இல்லை.

பெண் குழந்தை பிறந்து கொஞ்ச நாளில் அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. பிறகு பேச்சு மாறிற்று. குழந்தையை யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள், இது தன்னுடையது இல்லை என்றாள். விபூதி போட்டார்கள், மந்திரித்தார்கள். பிறகு அப்பா ஒரு டாக்ஸி கொண்டுவந்து அவளை மனநோய் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். குழந்தை மாமியாரிடம் இருந்தது.

உங்கள் கதை பத்திரிகையில் தொடங்கியது அந்த மாதங்களில்தான். பிரசவத்துக்குப் பிறகு பைத்தியம் பிடித்த ஒருத்தி. அக்கா இல்லாததால் வாசிப்பு அவள் மாமியார் வீட்டுக் கூடத்துக்கு மாறியது. தஞ்சாவூரிலிருந்து வந்த ஒரு மாமி வாசித்தாள். அவள் நடித்தே வாசிப்பாள். நீங்கள் "ஹா ஹா" என்று எழுதிய இடத்தில் அவள் உண்மையிலேயே சிரித்துக் காட்டுவாள். குழந்தை தொட்டிலில் கிடக்கும்.

உங்கள் பைத்தியக்காரிக்கு விரித்த தலை, சிவந்த கண், காலில் சங்கிலி. என் அக்காவின் தலையில் நர்ஸ் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னியிருப்பாள், பேன் வரக் கூடாது என்று. உங்கள் பைத்தியக்காரி இடி இடித்தால் சிரிப்பாள். என் அக்கா சிரிக்கவில்லை, தூங்கினாள். விழித்தால் வாய் உலர்கிறது என்று தண்ணீர் கேட்டாள். மாத்திரையால் கை நடுங்கியது, உடம்பு பருத்தது, அம்மா ரவிக்கைகளைப் பிரித்துப் பிரித்துத் தைத்தாள். உங்கள் டாக்டர் ஜன்னலோரம் நின்று மனத்தின் ஆழத்தைப் பற்றி ஒரு அத்தியாயம் பேசுவார். எங்கள் டாக்டர் "உறக்கம் உண்டோ? ஆகாரம் கழிச்சோ?" என்று தூக்கத்தையும் சாப்பாட்டையும் மட்டும் கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். தலையில் கரண்டும் வைத்தார்கள். அதைப் பூசி மெழுக மாட்டேன். அவள் அதற்குப் பயந்தாள், சில விஷயங்கள் மறந்துபோயின. பிறகு பசி வந்தது. குழந்தை எங்கே என்று கேட்டாள். என் குழந்தை என்று கேட்டாள்.

அங்கே பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. நான் பார்த்தது அதுதான். ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார்கள், வீட்டிலிருந்து யாராவது வருவார்களா என்று வாசலைப் பார்ப்பார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு வயதான அம்மாள், வருகிற எல்லாரிடமும் "கல்லாறு பஸ் போயோ?" என்று கேட்பாள். என் அக்கா ஒவ்வொரு தடவையும் "இல்லா, இனி வரும்" என்பாள்.

"ஏன் பொய் சொல்றே?" என்றேன்.

"பொய் எங்கே? நாளைக்கும் பஸ் உண்டே" என்றாள்.

பைத்தியம் தெளிந்தவளின் பேச்சு இது. இதை நீங்கள் எழுதவில்லை. எழுதினால் கதை ஓடாது.

நாங்கள் சாப்பாட்டுக் கேரியரோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினால் தெருவில் நிறுத்திக் கேட்பார்கள். "சங்கிலி போட்டிருக்காளாடி?" "ராத்திரியில சிரிக்கிறாளோ?" இல்லை என்றால் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். எங்கள் தெருவில் வாரம் தவறாமல் பத்திரிகையில் வருவது பஞ்சாங்கம் மாதிரி. அதில் கிரகணம் என்று போட்டால் கிரகணம்.

அக்காவுக்குச் சுகமாயிற்று. "சேச்சிக்கு இப்போ நல்ல சுகம் உண்டு, கேட்டோ. வீட்டுக்காரர் வந்தா கொண்டுபோகலாம்" என்று நர்ஸ் சொன்னாள். அம்மாவும் நானும் நேரே அவள் புக்ககத்துக்குப் போனோம். அத்திம்பேர் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர் மாதிரிதான் எழுந்தார். அவர் அம்மா கையைக் காட்டி உட்கார வைத்தாள்.

"அவசரப்படாதேள். கதை முடியற நேரமாக்கும். இன்னும் கொஞ்ச வாரம்தான். அதில அவளுக்கு என்ன ஆறதுன்னு பாத்துட்டு ஒரு தீர்மானம் பண்ணுவோம்."

"சம்பந்தி மாமி, அது கதைதானே" என்றாள் அம்மா.

"கதைதான். ஆனா ஒண்ணும் தெரியாமலா எழுதுவா? பின்னே, நமக்கு இதில என்ன தெரியும்?"

அந்த மாமி கெட்டவள் இல்லை. பேத்தியை நன்றாகத்தான் வளர்த்தாள். அவளுக்கு இந்த நோயைப் பற்றிச் சொன்ன ஒரே ஆள் நீங்கள்.

அப்பா போய் அக்காவை எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தார். அடுத்த தெருவில் குழந்தை. அவள் பின்வாசல் மதில் பக்கம் நின்றால் அது அழுவது கேட்கும். போய்ப் பார்க்கிறேன் என்றால் "கொஞ்ச நாள் போகட்டும்" என்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் கதை முடிகிற இடத்துக்கு வந்தது. கடைசி அத்தியாயம் வந்த பத்திரிகையை அப்பா ஒளித்து வைத்தார். அக்கா தேடி எடுத்தாள். கூடத்தில் உட்கார்ந்து எனக்கும் அம்மாவுக்கும் வாசித்தாள், பழையபடி, சமமாக. உங்கள் பைத்தியக்காரி கிணற்றில் விழுந்து சாகிறாள். கதாநாயகன் அவள் தங்கையைக் கல்யாணம் செய்துகொள்கிறான். குழந்தைக்கு அம்மா கிடைத்தாள் என்று முடித்திருந்தீர்கள்.

அக்கா பத்திரிகையை மடித்தாள். "நன்னாத்தான் எழுதியிருக்கார். மாத்திரை சாப்பிட்டாளான்னு ஒரு இடத்திலயும் எழுதலையே" என்றாள்.

அடுத்த வாரம் அவள் மாமியார் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தாள். என்னைப் பெண் கேட்டு. குழந்தைக்குச் சித்தியைவிட வேறு யார் உண்டு என்றாள். அக்கா உள்ளே காப்பி கலந்துகொண்டிருந்தாள். அதைக் கொண்டுவந்து மாமியார் முன்னால் வைத்தாள். மாமி டம்ளரையே பார்த்தாள், எடுக்கவில்லை. உங்கள் கதையில் நடுவில் எங்கேயோ பைத்தியக்காரி காப்பியில் அரளி விதை கலப்பாள், நினைவிருக்கிறதா?

அக்கா குனிந்து அந்த டம்ளரை எடுத்து, தூக்கி, முழுவதும் குடித்தாள். கை நடுங்கி மாரெல்லாம் சிந்திற்று. "ஆறிப்போறது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

"எனக்கு அக்கா இருக்கா. அத்திம்பேருக்கு ஆம்படையாளும் இருக்கா. தட்டை எடுத்துண்டு போங்கோ" என்றேன். அம்மா என் வாயைப் பொத்த வந்தாள். நான் பொத்திக்கொள்ளவில்லை.

அவர்கள் கோர்ட்டில் விவாகரத்து வாங்கினார்கள். அத்திம்பேர் பம்பாய்க்கு மாற்றலாகி, திருநெல்வேலிப் பக்கம் வேறு பெண் கட்டி, குழந்தையோடு போனார். கிளம்பும் அன்று அக்கா எங்கள் வாசலில் நின்றாள். அவர்கள் மறுபக்கத்துத் தெரு வழியாகப் போய்விட்டார்கள். அப்பா எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை.

அதற்குப் பிறகு அக்கா பல வருஷம் இருந்தாள். மாத்திரை சாப்பிட்டாள், சமைத்தாள், என்னோடு சண்டை போட்டாள். ஒரே ஒரு தடவை மறுபடி நோய் வந்து போயிற்று. பத்திரிகையில் வரும் சிறுவர் பக்கத்தை மட்டும் கிழித்து நூலால் தைத்து வைப்பாள். "பம்பாயில அவளுக்குத் தமிழ் வாசிக்க யார் சொல்லித்தருவா?" என்பாள். மத்தியானம் நான் லீவில் இருந்தால் கேட்டிருக்கிறேன். காலிக் கூடத்தில் உட்கார்ந்து முயல் கதையும் குரங்குக் கதையும் உரக்க வாசிப்பாள். தெருப் பெண்கள் ஒருத்தரும் வர மாட்டார்கள். ஜன்னல் பக்கம் பார்த்து வாசிப்பாள். வாசிப்பதை மறக்கக் கூடாதே என்பாள். பெண் வந்தால் வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நெஞ்சுவலியில் போனாள். தன் கட்டிலில், தலை பின்னி.

மறு வருஷம் அந்தப் பெண் வந்தாள். புருஷனோடு திருவனந்தபுரம் பார்க்க வந்தவள், விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அக்காவின் நெற்றி, அக்காவின் நிற்கிற விதம். உள்ளே வா என்றேன். அவள் வீடெல்லாம் சுற்றிப் பார்த்தாள். கொல்லைப்பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"சித்தி, அம்மா விழுந்தது இந்தக் கிணத்துலயா?"

அவளிடம் உங்கள் கதையைச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அம்மாவுக்குப் பைத்தியம், கிணற்றில் விழுந்து போனாள் என்று. அவள் அம்மாவை அவள் ஒரு நாளும் தேடவில்லை, செத்தவளை யார் தேடுவார்கள்? நான் உள்ளே போய்ச் சிறுவர் பக்கங்களைக் கொண்டுவந்து மடியில் வைத்தேன். கட்டு கட்டாக. அவளுக்குத் தமிழ் வாசிக்க வரவில்லை. படங்களைப் பார்த்துப் புரட்டினாள். போகும்போது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனாள். நான் சொன்னதை முழுக்க நம்பினாளா, தெரியாது. "ஆனா அது உண்மைக் கதைன்னு அப்பா சொன்னாரே" என்றாள்.

கதை கதைதானே என்று உங்கள் ஆட்கள் சொல்வார்கள். கதையாகவே வைத்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். நீங்கள்தான் மேடை ஏறி நேரில் பார்த்தேன் என்றீர்கள்.

பார்த்தீர்களானால் சொல்லுங்கள். எந்த வருஷம், எந்த வார்டு? கட்டிலிலிருந்து உங்களிடம் பஸ் போயிற்றா என்று யார் கேட்டார்கள்? கிணற்றில் விழுந்த அந்தப் பெண் யார், எந்தத் தெரு? சுகமாகி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தியாவது ஏன் உங்கள் கண்ணில் படவில்லை? எனக்குத் தனிக் கடிதம் வேண்டாம். உங்கள் பதிலை என் அக்காவின் பெண்ணுக்கு நான் உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். கதை வந்த அதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள்.