பல்லின் நிறத்தில் ஓர் அடைப்பு

முதலில் வந்தது வலி அல்ல. வலி என்றால் அதற்கென்று ஒரு நடைமுறை உண்டு. இது வெறும் கூச்சம். மேல்வாயின் இடப்பக்கம், வேட்டைப்பல்லுக்குப் பின்னால் இரண்டாவதாக இருக்கும் பல்லில், தேத்தண்ணீரின் கடைசி மிடறு பட்டதும் யாரோ ஊசிமுனையால் தொட்டுவிட்டு ஓடிப்போனது போல இருந்தது. சில நாட்களில் அந்த ஆள் ஓடுவதை நிறுத்திவிட்டு, நின்று பார்க்கத் தொடங்கினார்.

கண்ணாடியில் பார்த்தேன். ஒரு கரும்புள்ளி. கண் அதை எள்ளளவு என்றது. நாக்கு அதைக் குகை என்றது. இரண்டில் எதை நம்புவதென்று தெரியாமல் இரண்டிடமும் மாறிமாறி விசாரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சூத்தைப்பல்லுக்கு இவ்வளவு பயமா என்று கேட்பீர்கள். என் இதயத்தில் ஒரு வால்வு (இரத்தம் திரும்பி ஓடாமல் தடுக்கும் கதவு) செயற்கையானது. அதில் இரத்தம் கட்டிவிடாமல் இருக்க நாள்தோறும் வாஃபரின் (இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் மாத்திரை) விழுங்குகிறேன். சவரக்கத்தி மெல்லக் கீறினாலே முகம் துடைக்கும் என் துவாய் கொலை நடந்த இடம் போலாகிவிடும். பல்லைப் பிடுங்க நேர்ந்தால் மாத்திரையை நிறுத்துவது வால்வுக்கு ஆபத்து; நிறுத்தாமல் பிடுங்கினால் இரத்தம் எப்போது நிற்குமென்று சொல்ல ஏலாது. சூத்தையை அப்படியே விட்டால் இன்னொரு ஆபத்து. "பல்லிலை இருந்து கிருமி இரத்தத்துக்குள்ளை போனா நேரே உங்கடை வால்விலைதான் போய்க் குந்தும்" என்று இதய டொக்டர் ஒருமுறை சொல்லியிருந்தார். சொல்லிவிட்டு அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். நான் இன்னும் அந்த வசனத்திலேயே இருக்கிறேன்.

ஆகவே பல் பிழைக்க வேண்டும். நரம்பு வரை சூத்தை போகுமுன் அடைத்துவிட வேண்டும்.

உடனே போயிருக்கலாம். ஆனால் நான் அரச திணைக்களமொன்றில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்து இளைப்பாறியவன். இரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனையின் புதிய முடிவு கையில் இல்லாமல் பல் டொக்டரிடம் போவது முறையல்ல என்று தீர்மானித்தேன். பரிசோதனைக்கு ஏற்கெனவே ஒரு நாள் குறித்திருந்தார்கள். அந்த நாள் வரும்வரை அலுமாரியில் இருந்த கராம்பெண்ணெயைப் பஞ்சில் நனைத்துக் குழிக்குள் வைத்தேன். காலையும் மாலையும், தவறாமல். கூச்சம் அடங்கியது.

"அடங்கிப்போச்செண்டு இருந்திடாதையுங்கோ" என்றாள் என் மனைவி ரெஜினா. "உங்கடை பல்லும் உங்களைப் போலத்தான். சத்தம் போடாமல் இருந்தா உள்ளுக்கை ஏதோ நடக்குதெண்டு அர்த்தம்."

பல் டொக்டர் கிண்ணியாவைச் சேர்ந்த இளம் பெண். பெயர் சஃப்னா. நகரத்தில் தனியாக ஒரு சிகிச்சை நிலையம் வைத்திருக்கிறார். காத்திருக்கும் இடத்திலேயே கராம்பு வாசம் மூக்கில் ஏறியது. பல் வைத்தியம் நடக்கும் இடங்களில் அது வழமை. தற்காலிக அடைப்புகளில் அந்த எண்ணெயைக் கலப்பார்கள். நமக்குப் பழகிய மணம்தான் என்று மனம் சற்று ஆறியது. பின்னால் நடந்ததற்கு அந்த மணமும் ஒரு காரணம்.

எக்ஸ்ரே படத்தைக் கணினித் திரையில் காட்டினார். என் பல்லுக்குள் ஒரு கரிய நிழல் நரம்பை நோக்கி இறங்கியிருந்தது.

"கிட்டப் போயிட்டு ஐயா. ஆனா தொடல்ல எண்டு நினைக்கிறன். அடைச்சிப் பார்ப்பம்."

"நினைக்கிறீர்களா, தெரியுமா?"

"திறந்தாத்தான் தெரியும்" என்று சிரித்தார். "என்னென்ன மருந்து பாவிக்கிறீங்க?"

மாத்திரைகளின் பெயரையும் அளவையும் நேரத்தையும் ஒப்புவித்தேன். பரிசோதனை முடிவை நீட்டினேன். "இப்படி எல்லாரும் வந்தா எனக்கு வேலையே இல்ல" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அவர் இதய டொக்டரோடு தொலைபேசியில் கதைத்து, முன்கூட்டியே எடுக்கவேண்டிய நுண்ணுயிர்க்கொல்லியையும் (கிருமியைக் கொல்லும் மருந்து) எழுதித் தந்தார். அதை வாங்கி விழுங்கிவிட்டு ஒரு மணிநேரம் காத்திருந்தேன்.

பிறகு நிறம் பார்க்கும் படலம். முன்பு பல்லை அடைத்தால் வெள்ளி நிறத்தில் பளபளக்கும். இப்போது பல்லின் நிறத்திலேயே பிசின் போன்ற ஒரு பொருள் இருக்கிறது. ஈரமில்லாத பல்லில் அதை ஒட்டவைத்து, நீல ஒளியைக் காட்டி இறுக வைப்பார்கள். வரிசையாகக் கோத்த மாதிரிப் பற்களை என் வாயருகே பிடித்து டொக்டர் ஒப்பிட்டார்.

"இதைவிட வெள்ளை இல்லையோ?" என்று கேட்டாள் கூட வந்திருந்த ரெஜினா.

"இருக்கு அன்ரி. ஆனா அது தனியாத் தெரியும்."

"தெரியட்டுமே. ஒண்டாவது வெள்ளையா இருக்கட்டும்."

அந்த வரிசையின் கடைக்கோடியில், தேத்தண்ணீர்க் கறை போன்ற ஒரு மஞ்சள் எனக்குப் பொருந்தியது. என் வயதை யாரும் இவ்வளவு துல்லியமாக நிறத்தால் சொன்னதில்லை.

விறைப்பூசி போட்ட பிறகு வலியில்லை, சத்தம்தான் இருந்தது. துளைக்கும் கருவி எலும்பு வழியாகக் காதுக்குள் பேசியது. ஒவ்வொரு முறை அது ஆழப்படும்போதும் கதிரையின் கைப்பிடியை இறுக்கினேன். நரம்பு திறந்துவிட்டதா? இரத்தம் வருகிறதா? டொக்டரின் கண்களில் பதிலைத் தேடினேன். முடிவில் அவர் கண்ணாடியை என் கையில் தந்தார். குழி இருந்த இடத்தில் பல் இருந்தது. அவ்வளவு சுலபமாக முடிந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு வாரம் போகவில்லை. பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கல் கடிபட்டது. துப்பிப் பார்த்தால் கல் அல்ல. மஞ்சள் நிறத்தில் என் வயது. அதன் பின்னால் கூச்சம் திரும்பி வந்தது, இம்முறை நிதானமாக, வந்தால் போகாமல்.

டொக்டர் உடைந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம் சரியாக இறுகவில்லை என்றார். தன் நீல ஒளி விளக்கைச் சோதித்தார். அது சரியாக இருந்தது. மருந்துக் குப்பியின் திகதியைப் பார்த்தார், அதுவும் சரி. பிறகு முகக்கவசத்தைக் கீழே இழுத்து, என் வாயருகே குனிந்து முகர்ந்தார்.

"ஐயா, இதுக்குள்ள ஏதாவது வச்சீங்களா?"

"கராம்பெண்ணெய்."

"எப்ப?"

"இன்று காலை. அடைத்த அன்று காலையும். அதற்கு முன்பும் தினமும்."

அவர் கதிரையில் சாய்ந்துவிட்டார். "இந்தப் பிசின் அடைப்புக்குக் கராம்பெண்ணெய் ஆகாது ஐயா. அது ஊறின இடத்தில இந்த மருந்து ஒழுங்கா இறுகாது. அண்டைக்கு வந்தது இந்த இடத்து வாசம் எண்டு நினைச்சிட்டன். அப்பவே ஏன் சொல்லல்ல?"

"மருந்து என்ன பாவிக்கிறீர்கள் என்றுதானே கேட்டீர்கள். அது சமையலுக்குப் பாவிக்கும் குசினிச் சாமான்."

இதை எழுதும்போது எவ்வளவு மடத்தனமாகத் தெரிகிறதோ, சொல்லும்போது அவ்வளவு நியாயமாக இருந்தது. கணக்காய்வுக்காரர் வந்தால் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல். கேட்காததைச் சொன்னால் அதிலிருந்து இன்னும் நாலு கேள்வி பிறக்கும். இது எனக்கு வேலையில் முதல் வாரமே சொல்லித்தரப்பட்டது. நானும் எனக்குக் கீழே வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதைப் பின்பற்றி ஒருமுறைகூட நான் மாட்டியதில்லை.

"இவர் இப்பிடித்தான் டொக்டர்" என்றாள் ரெஜினா. "நெஞ்சு நோகுதோ எண்டு கேட்டா இல்லை எண்டுவார். தோள் நோகுதோ எண்டு தனியாக் கேக்கவேணும்."

அன்று அடைக்க முடியாது என்றார் டொக்டர். எண்ணெய் ஊறிய பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு, கராம்பு கலக்காத தற்காலிகச் சீமெந்தை வைத்தார். "ரெண்டு கிழமை இருக்கட்டும். நரம்பு உயிரோட இருக்குதா எண்டு பிறகு பார்ப்பம்."

"இல்லாவிட்டால்?"

"வேர்ச் சிகிச்சை (பல்லின் வேருக்குள் இருக்கும் நரம்பை எடுத்துச் சுத்தம் செய்வது) செய்யலாம். அதுவும் சரிவராட்டி..." என்று நிறுத்தினார். நிறுத்திய இடம் எனக்குத் தெரியும்.

அந்த இரண்டு வாரமும் நான் வாயின் வலப்பக்கத்தில் வாழ்ந்தேன். கடற்கரையில் நடக்கும்போது வாயைத் திறக்கவில்லை. கடற்காற்று பட்டால் கூசுமோ என்று. தெரிந்தவர்கள் ஏதாவது கேட்டால் தலையை ஆட்டினேன். பல் துடித்தால் நரம்பு சாகிறது என்று பயந்தேன். துடிக்காவிட்டால் செத்துவிட்டது என்று பயந்தேன். என்னைப் போல இரத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் இந்த இரட்டைப் பயத்தை அறிவார்கள். அதற்கு ஆறுதலாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. மாத்திரையை மட்டும் உங்கள் எண்ணப்படி நிறுத்தவேண்டாம். ஒருநாள் நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். ரெஜினா தண்ணீரோடு வந்து நின்றாள்.

சோதனை நாள் வந்தது. டொக்டர் குளிரூட்டிய சிறு பஞ்சுருண்டையை எடுத்தார்.

"குளிர் தெரிஞ்சா கையைத் தூக்குங்க. போனதும் இறக்குங்க. கெதியாப் போனா நரம்பு நல்லம். நிண்டுக்கிட்டே இருந்தா நல்லமில்ல."

இவ்வளவு தெளிவாக எனக்கு விளக்கியிருக்கக்கூடாது. எந்தப் பதில் வேண்டும் என்று தெரிந்தபின் சரியான பதிலைக் கொடுப்பதில் எனக்கு நீண்ட அனுபவம். கையைச் சற்று முன்னதாக இறக்கினால் யாருக்குத் தெரியப்போகிறது?

பஞ்சு பட்டது. ஊசிமுனை பாய்ந்தது. கையைத் தூக்கினேன். அவர் பஞ்சை எடுத்துவிட்டார். குளிர் போகவில்லை. கை அந்தரத்தில் நின்றது. ரெஜினா என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஏலத்தில் யாரோ விலை கூட்டிக்கொண்டிருப்பதைப் பார்ப்பது போல. இறக்கு, இறக்கு என்று மனம் சொன்னது. பொய்யாக இறக்கினால் அந்தப் பொய்யின் மேல் அடைப்பை வைத்து மூடுவார்கள். உள்ளே அழுகுவது என் வால்வுக்குப் பக்கத்தில்தான் அழுகும். பிடித்துக்கொண்டேன். குளிர் மெல்லிதாகி, நூலாகி, அறுந்தது. அப்போதுதான் இறக்கினேன்.

"போயிட்டா?"

"போய்விட்டது. முழுதாகப் போய்விட்டது. ஆனால் இன்னும் கேளுங்கள். முந்தாநாள் சூடான சோறு பட்டு ஒருமுறை துடித்தது. அரை நிமிடமும் இல்லை. மாதுளை சாப்பிட்டேன், இந்தப் பக்கமாக, மறந்துபோய். நேற்றுத் தும்மியபோது பல்லில் அதிர்ந்தது. கராம்பு தொடவில்லை. கறியில் மட்டும் கொஞ்சம் இருந்தது, அதை எடுத்துப் போட்டுவிட்டேன். பிறகு..."

"காணும் ஐயா, காணும், நிப்பாட்டுங்க!" டொக்டர் சிரித்துவிட்டார். "நரம்பு உசிரோட இருக்கு. பக்கத்துப் பல்லும் இவ்வளவு நேரம்தான் எடுக்கும்."

சோதித்துக் காட்டினார். பக்கத்துப் பல்லுக்கும் கை ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் நின்றது. என் முழு வாயுமே மெதுவாகத்தான் வேலை செய்கிறது. அது நோயல்ல, வயது.

இரண்டாம் முறை அடைப்பு நெடுநேரம் எடுத்தது. பல்லைச் சுற்றி ஒரு ரப்பர்த் தாளை விரித்து எச்சில் படாமல் பிரித்தார். நீல நிறக் களிம்பைப் பூசிக் கழுவினார். காற்றடித்தார். ஒட்டுத் திரவம், பிறகு பிசின், மெல்லிய படை படையாக; ஒவ்வொரு படைக்கும் ஒருமுறை ஒளி. கரித்தாளைக் கடிக்கச் சொல்லி அடைப்பின் உயரத்தைக் குறைத்தார். எதையும் நான் சரிபார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

"நல்லாப் பாத்துக்கிட்டா ஏழெட்டு வருஷம் நிக்கும்" என்றார் முடிவில். "பிறகு வாங்க, மாத்தி விடுறன்."

வால்வு வைத்த நாளிலிருந்து என்னிடம் யாரும் வருடக் கணக்கில் கதைத்ததில்லை. அடுத்த இரத்தப் பரிசோதனைவரை, அதற்கடுத்த பரிசோதனைவரை என்றுதான் எனக்குக் காலம் துண்டுதுண்டாகத் தரப்பட்டு வந்தது. நானும் அதற்கு மேல் கேட்டதில்லை. இந்தப் பெண் ஒரு பல்லைப் பற்றிச் சொல்லும்போது போகிறபோக்கில் இத்தனை வருடங்களை என் கையில் வைத்துவிட்டார்.

ஓட்டோவில் திரும்பும்போது நாக்கு அந்த இடத்துக்குப் போய்ப் போய் வந்தது. பழைய பல் எங்கே முடிகிறது, இன்று வந்தது எங்கே தொடங்குகிறது என்று அதற்குப் பிடிபடவில்லை. என் உடம்பில் இப்போது அதுதான் மிக இளைய பகுதி. வலப்பக்கம் கடலில் ஒரு கப்பல் அசையாமல் நின்றது. காற்று திறந்த வாய்க்குள் வந்தது. கூசவில்லை.

"ஏழெட்டு வருஷத்தாலை மாத்த வரட்டாம்" என்றாள் ரெஜினா. "ஆளில்லாமல் பல்லை மட்டும் நான் கொண்டுபோய்க் குடுக்க ஏலாது. சொல்லிப்போட்டன். வருவீங்களோ?"

"வருவன்" என்றேன். விறைத்த உதட்டில் சொல் குழறி எச்சிலோடு வழிந்தது. அவள் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, திரும்பவும் ஒருமுறை சொல்லச் சொன்னாள்.