ஆளில்லாத வள்ளம்

அந்தக் கோடை விடுமுறையில், பாம்பனில் ஊரார் சேர்ந்து நடத்திய சின்னக் கலைக்கூடத்துக்கு ஓவியம் படிக்கப் போனேன். எனக்கு மனித உருவம் வரையவே வராது. அதனால் நடுக்கடலில் பாய் விரித்து நிற்கும் அய்யாவின் வள்ளத்தை மட்டும் வரைந்தேன். ஆளில்லாததுதான் அழகு என்று சொல்லி, மதுரையிலிருந்து வந்த வாத்தியார் அதைக் கண்காட்சியில் மாட்டிவிட்டார். அவருக்கென்ன, அவர் வீட்டில் யாரும் கடலுக்குப் போவதில்லை.

கண்காட்சி தொடங்கிய அன்று கச்சான் காற்று ஓங்கி அடித்தது. அதிகாலையில் ஒரே வள்ளத்தில் போன அய்யாவும் சித்தப்பாவும் மதியம் தாண்டியும் கரைக்கு வரவில்லை. படத்தைப் பார்த்ததும் அம்மாவின் முகம் வெளுத்துப்போனது.

"வெறும் வள்ளத்தையா கடல்ல விட்டுருக்க? எங்கடி ஒங்க அய்யா?"

எங்கள் கரையில் வெறும் வள்ளம் மிதந்து வந்தால் என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும். படத்தை இறக்கி, வாத்தியாரிடம் பென்சிலை வாங்கி, சுக்கான் பக்கம் ஓர் ஆளை வரைந்தேன். தலையில் அய்யாவின் முண்டாசையும் கட்டினேன். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கும் மூச்சு வந்தது.

அப்போதுதான் பின்னால் சித்தி நிற்பதைப் பார்த்தேன். அவள் கண் படத்தை விட்டு நகரவில்லை.

"ஒங்க சித்தப்பாவ எங்கடி?" என்றாள்.

அழுத்தி வரைந்ததில் பென்சில் முனை ஒடிந்திருந்தது.