மாப்பிள்ளைக்கு என்ன வேலை

என் மருமகளின் தகப்பன் சீனாவின் கிழக்குக் கரையில் ஒரு துறைமுக நகரத்தில் இருக்கிறார், பதினாறாவது மாடியில். நான் ஒஸ்லோவில், எல்லிங்ஸ்ருட்டில், நாலாவது மாடியில் இருக்கிறேன். என் மகன் அவருடைய மகளைக் கட்டியதால் அவர் எனக்குச் சம்பந்தி. சம்பந்தியோடு கதைக்காமல் விடுவதை எங்கள் ஆட்கள் கோபம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அதனால் கலியாணம் முடிந்த மாதத்திலிருந்தே ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அவரை வீடியோவில் அழைக்கத் தொடங்கினேன். இங்கே பத்து மணி ஆகும்போது அங்கே பின்னேரம்.

அவர் ஓய்வுபெற்ற பொறியியலாளர். தன் அரசாங்கத்துக்காக நாலு நாடுகளில் துறைமுகம் கட்டியவர். அதில் ஒன்று இலங்கையின் தெற்கில். "உங்கள் நாட்டில் மூன்று வருடம் இருந்தேன்" என்று முதல் நாளே சொன்னார். அந்தத் துறைமுகத்தை நான் கண்டதில்லை. அந்தக் கரையில் ஒரு நாள்கூட நின்றதில்லை. என்னுடைய நாட்டின் அந்தப் பகுதி என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும் என்று சொன்னேன். மரியாதைக்காக மறுத்தார். அவருடையது வேலைத்தளத்தில் பழகிய ஆங்கிலம். என்னுடையது யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய ஆங்கிலம். இரண்டும் ஒன்றை ஒன்று மெதுவாக விளங்கிக்கொண்டன.

எதையும் எண்ணிப் பார்க்காவிட்டால் எனக்குச் சரிவராது. அவரும் அப்படித்தான். யன்னலைத் திறந்து, இன்றைக்கு வெளியே எத்தனை கப்பல் காத்து நிற்கிறது என்று சொல்வார். நான் எதிர்க் கட்டடத்தில் எத்தனை பால்கனியில் பனி அள்ளாமல் கிடக்கிறது என்று சொல்வேன். என் மனைவி தேத்தண்ணியோடு பின்னால் நடந்து போகும்போது, "ரெண்டு கிழவனும் உலகத்தை எண்ணி முடிச்சிட்டியளோ?" என்று கேட்பாள். அவருக்கு அது விளங்காது. ஆனாலும் தலையாட்டுவார்.

சுகம் விசாரித்து, வெயில் மழை கதைத்த பிறகு அவர் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விக்கு வருவார். மாப்பிள்ளைக்கு வேலை எப்படி? பெண்ணைக் கொடுத்தவர் கேட்கத்தான் வேண்டும், பெடியனைப் பெற்றவன் நிறைவாகப் பதில் சொல்லத்தான் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒழுங்கு அதுதான். நான் சொன்னேன். மகன் வானத்தில் சுற்றும் செய்மதிகளிலிருந்து வரும் தகவலைப் பிடித்துப் பிரிக்கும் மென்பொருள் எழுதுகிறான். நகரத்தில் கண்ணாடிக் கட்டடம், மூன்றாம் மாடி. இப்போது அமெரிக்க நிறுவனம் ஒன்றோடு புதிய ஒப்பந்தம் வருகிறது. அதற்கென்று பதினொரு பேர் கொண்ட ஒரு குழு அமைக்கிறார்கள், என் மகன்தான் பொறுப்பாளர். இதைச் சொன்ன அன்று அவர் மனைவியைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் இருத்தி, என்னைத் திரும்பவும் சொல்லச் சொன்னார். நானும் திரும்பவும் சொன்னேன்.

பிறகு ஒரு புதன்கிழமை மகன் பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கில் இருக்கும் தன் வீட்டிலிருந்து தனியாக வந்தான். மருமகளைக் கூட்டிவரவில்லை. சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் நின்றான்.

"அப்பா, அங்கை மாமாவோட எவ்வளவு காலமாக் கதைக்கிறியள்?"

"ஐம்பத்தெட்டு ஞாயிறு. ரெண்டு விட்டது. ஒண்டு எனக்குக் காய்ச்சல், மற்றது அவைக்குப் புயல்."

"ஐம்பத்தெட்டோ?"

"ஏன்?"

"புதுக் குழுவுக்குக் கிளாறிங் வேணும் அப்பா. அரசாங்கத்தின்ர பாதுகாப்பு அனுமதி. அது இல்லாமல் அமெரிக்கக்காரன் உள்ளுக்கு விடமாட்டான். இண்டைக்குக் கூப்பிட்டு மூண்டு மணித்தியாலம் விசாரிச்சவங்கள். வீட்டில ஆர் சீனாவோட கதைக்கிறது, எத்தினை தரம் எண்டு கேட்டாங்கள். எனக்குத் தெரியாது, அப்பாவுக்குத் தெரியும் எண்டனான்."

"சரியான கணக்கைச் சொல்லு. பொய் சொல்லாதை."

குசினிக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. "ஓம், சொல்லுங்கோ. பதக்கம் தருவாங்கள்."

மகன் சிரிக்கவில்லை. "என்ர வேலையைப் பற்றியும் கதைச்சனீங்களோ?"

"பொம்பிளையின்ர தகப்பனுக்கு மாப்பிள்ளையின்ர வேலையைச் சொல்லாமல் வேற ஆருக்குச் சொல்லுறது?"

"அமெரிக்கக்காரரைப் பற்றியும்?"

"அதுதானே பெரிய விஷயம்."

அவன் சப்பாத்துப் பெட்டியின் மேல் இருந்துவிட்டான். "அப்பா, அந்த மனிசன் அரசாங்கத்துக்கு நாலு நாட்டில துறைமுகம் கட்டினவர்."

"அதாலதான் நல்ல சம்பந்தம் எண்டு நீதானே எனக்குச் சொன்னனி."

அவன் எழும்பி நின்றான். நான் சொன்னதையெல்லாம் அடுத்த நாளே தானாகப் போய் அவர்களிடம் சொல்லிவிடப் போவதாகவும், முடிவு வரும்வரை சம்பந்திக்குத் தொலைபேசி எடுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டான். நான் ஓம் என்றேன். போகும்போது என் தோளில் தட்டிவிட்டுப் போனான். அவன் அப்படிச் செய்கிறவன் அல்ல. எனக்கு அப்போது ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை. அவன் நின்ற இடத்தில் இருந்த பனித்தண்ணீரைத் துடைத்தேன்.

முடிவு வர எட்டு மாதம் எடுத்தது. முதல் ஞாயிறு பத்து மணிக்குத் தொலைபேசி மேசையில் கிடந்தது, நான் அதற்கு எதிரில் இருந்தேன். மனைவி வந்து அதை எடுத்துக்கொண்டு போய்த் தன் தங்கையோடு கதைத்தாள். மூன்றாவது ஞாயிறு, வேறு வேலை இல்லாததால், வீட்டில் எந்தப் பொருள் எந்த நாட்டில் செய்தது என்று புரட்டிப் பார்க்கத் தொடங்கினேன். அறையைச் சூடாக்கும் பெட்டி சீனா. ரொட்டி சுடும் மெஷின் சீனா. நல்லூர்த் தேரின் படம் போட்ட சுவர்க் கடிகாரம் சீனா. என் தொலைபேசி அமெரிக்கப் பெயரோடு சீனாவில் பொருத்தியது, அதை எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாமல் புறம்பாக வைத்தேன். குசினியில் அறுபத்திரண்டில் நிறுத்தினேன். நோர்வேயில் செய்தது சீஸ் சீவும் கத்தி ஒன்றுதான்.

"உதுகளையும் விசாரிக்கக் கூப்பிடுவாங்களோ?" என்றாள் மனைவி.

அந்த நாட்களில் தொலைக்காட்சியில், ஒஸ்லோவில் ஓடும் சீன பஸ்களைத் தூரத்திலிருந்து ஒருவர் நிறுத்த முடியுமா என்று இரண்டு பேர் வாதாடினார்கள். ஒருவர் முடியும் என்றார், மற்றவர் அது பெரிய விஷயமல்ல என்றார். அமெரிக்கா வரி கூட்டியது, சீனா பதிலுக்குக் கூட்டியது, அதைப் பற்றியும் அதே இரண்டு பேர் கதைத்தார்கள். அடுத்த நாள் காலையில் மருந்து எடுக்க நான் பஸ்ஸில்தான் போனேன். அது சீன பஸ்ஸோ தெரியாது. பதினேழு பேர் இருந்தோம், பஸ் எல்லாத் தரிப்பிலும் நின்றது, திரும்ப எடுத்தது. எனக்குப் பயம் வரவில்லை. ஏன் வரவில்லை என்றும் யோசிக்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும் என்னை அரித்தது. நான் எடுக்காவிட்டாலும் அவர் எடுக்கலாம். அவர் ஒரு ஞாயிறுகூட எடுக்கவில்லை. பொங்கலும் போனது, அவர்களுடைய புதுவருடமும் போனது. மனைவி, "என்ன நினைக்கினமோ, எங்களைப் பெருமை பிடிச்சதுகள் எண்டு நினைக்கினமோ" என்று கிழமைக்குக் கிழமை கேட்டாள். மருமகளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவள் வந்தால் சமைப்பாள், சாப்பிடுவாள், சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவுவாள். முன்பு தகப்பனைப் பற்றி நிறையச் சொல்வாள். இப்போது சொல்வதில்லை.

முடிவு வந்த அன்று இரண்டு பேரும் வேலை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அனுமதி இல்லை என்றான் மகன். நெருங்கிய குடும்பத்துக்கு வெளிநாட்டோடு உள்ள தொடர்பு என்று ஒரு வரிதான் காரணம். எந்தத் தொடர்பு என்று எழுதவில்லை, கேட்டதற்கும் சொல்லவில்லை. பொறுப்பாளராக வேறு ஒருவர் வருவார். இவனை மூன்றாம் மாடியிலிருந்து கீழே, மீன் பண்ணைகளுக்கு மென்பொருள் செய்யும் பகுதிக்கு மாற்றுகிறார்கள். சால்மன் மீனில் ஒட்டும் பேன்பூச்சியைக் கமெராவால் எண்ணுகிற வேலை.

"ஒரு மீனில எத்தினை இருக்கும்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அப்பா" என்றான். அவ்வளவுதான்.

மனைவி புட்டையும் கறியையும் கொண்டுவந்து வைத்தாள். மருமகள் கோப்பையைப் பார்த்துக்கொண்டே நோர்வேஜிய மொழியில், இது தன்னால்தான் என்றாள். தான் சீனாவில் பிறக்காமல் இருந்திருந்தால் இவருக்குக் கிடைத்திருக்கும் என்றாள்.

"இல்லைப் பிள்ளை, என்னால. நான்தான் எல்லாத்தையும் சொன்னனான்" என்றேன்.

"பிழைக்கும் பங்கு பிரிக்கிறியளோ ரெண்டு பேரும்? புட்டு ஆறுது, சாப்பிடுங்கோ" என்றாள் மனைவி.

மருமகள் கொஞ்சம் சாப்பிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "மாமா, என் அப்பா ஏன் எடுக்கவில்லை தெரியுமா?" என்று கேட்டாள். அவருடைய பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கே வந்தார்களாம். நோர்வேயில் இருக்கும் அந்த மனிதர் யார், எத்தனை தரம் கதைத்தீர்கள், என்ன கதைத்தீர்கள் என்று கேட்டார்களாம். கொஞ்ச நாளைக்குத் தவிர்ப்பது நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார்களாம்.

மனைவி கரண்டியோடு நின்றாள். "அவரும் எண்ணிச் சொன்னவரோ?"

"ஓம் மாமி" என்றாள் மருமகள், தமிழில். "ஐம்பத்தெட்டு."

மகன் முதலில் சிரித்தான். பிறகு அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, மற்றதும் வரவில்லை. கணக்கு ஒத்துப்போனது சரி என்று மட்டும் நினைத்தேன்.

"இனி நீங்கள் கதைக்கலாம் அப்பா. இழக்க ஒண்டுமில்லை" என்றான் மகன், சப்பாத்துப் போடும்போது.

அந்த ஞாயிறு எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. அதற்கடுத்த ஞாயிறு மனைவி தானே எண்ணை அழுத்தி என் கையில் தந்தாள். அவர் உடனே எடுத்தார். தலைமயிர் வெட்டியிருந்தார், கொஞ்சம் மெலிந்திருந்தார். என் முழங்கால் வலி எப்படி என்று கேட்டார், சொன்னேன். அவருடைய இரத்த அழுத்தத்தைக் கேட்டேன், மேலெண்ணும் கீழெண்ணும் சொன்னார். அங்கே மழை, இங்கே வெயில். அவர் மனைவி வந்து கையசைத்தார், என் மனைவியும் கையசைத்தாள்.

பிறகு அவர் வழக்கமாக மாப்பிள்ளையின் வேலையைக் கேட்கும் இடம் வந்தது. அவர் வாயைத் திறந்தார். நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன், மீன் பண்ணை, நல்ல வேலை, ஏசி அறை, வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே செய்யலாம் என்று. அவர் கேட்கவில்லை. என்ன சமையல் என்று கேட்டார். நான் கத்தரிக்காய் என்றேன்.