மாதத்துக்கு ஒரு நாள் குடித்தனம்

அவளுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை. வீட்டில் மூன்று பெண்களில் கடைசி. மூத்தவளைக் கட்டியவர் பஸ் கண்டக்டர், நடுவிலவளைக் கட்டியவர் தையல்கடைக்காரர். இவளைக் கட்டியவன் மட்டும் இன்னும் படித்துக்கொண்டிருந்தான், மண்புழுவைப் பற்றி. 'இன்னும் ரெண்டே வருஷம், அப்புறம் டாக்டர்' என்று சொல்லித்தான் பெண் கேட்டு வந்தார்கள். அந்த இரண்டு வருஷம் ஐந்தாகிவிட்டது. குடும்பம் கூடுகிற இடத்திலெல்லாம் கண்டக்டர் விடமாட்டார்.

"என்ன சகல, நீங்க ஏறின பஸ் இன்னும் டிப்போவ விட்டே கிளம்பலையா?"

அவன் சிரித்து மழுப்புவான். அவள் தட்டைக் கழுவப் போய்விடுவாள்.

கல்யாணமான ஆராய்ச்சி மாணவர்களுக்கென்று பல்கலைக்கழகம் கட்டிய குடியிருப்பில், நாலாவது மாடியில் அவர்கள் வீடு. ஒரு அறை, ஒரு அடுப்படி, கொடி கட்ட ஒரு முழப் பால்கனி. வெளியே இதே அளவு வீட்டுக்கு உதவித்தொகையில் முக்கால்வாசி போய்விடும். பத்து மாத அட்வான்ஸ் வேறு. இங்கே வாடகை அதில் கால் பங்கு. அந்த உதவித்தொகையும் மாதாமாதம் வராது, மனசு வந்தால் வரும். குடியிருப்புக்கு ஒரே நிபந்தனை: புருஷனும் பெண்டாட்டியும் அங்கேயே இருக்க வேண்டும். தனி ஆள் என்று தெரிந்தால் காலி செய்ய வேண்டியதுதான்.

பாலுக்கும் கேஸுக்குமே கை கடித்தபோது அவள் வேலை தேடினாள். கிடைத்தது ஏழு மணி நேரப் பயணத்தில் இருந்தது. அங்கே லேடீஸ் ஹாஸ்டலில் ஆறு பேர் அறை, அவளுக்கு மேல் கட்டில். எட்டு மாதம் இப்படியே ஓடிவிட்டது. அவன் ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் நாலு மாதம். அதுவரை இந்த வீடு கையைவிட்டுப் போகக்கூடாது, அவ்வளவுதான்.

அதனால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்து தலையைக் காட்டிவிட்டு அன்று சாயங்காலமே திரும்பிப் போவாள். பால்கனியில் நின்று தலை துவட்டுவாள். காய்கறி வண்டிக்காரரிடம் நாலு மாடிக்கும் கேட்கிற மாதிரி பேரம் பேசுவாள். சண்டை போட்டவளை யாரும் மறக்கமாட்டார்கள் என்று ஒரு தடவை தண்ணீர் மோட்டாரைச் சாக்கிட்டு வலியப் போய்ச் சண்டையும் போட்டாள். மற்ற நாட்களில் அவளுடைய பச்சை நைட்டியைக் கொடியில் போட்டுவைப்பது அவன் பொறுப்பு.

கீழ்வீட்டு அக்கா படியில் மடக்கினாள். "ஏம்மா, உனக்கு வேற நைட்டியே கெடையாதா? மழை பேஞ்சாலும் அதேதான் காயுது. ஒரு பக்கம் வெளுத்தே போச்சு."

"அது ராசியான நைட்டிக்கா."

"ராசி இருக்கட்டும். அப்பப்ப திருப்பியாவது போடச் சொல்லு உங்க வீட்டுக்காரர."

அக்கா வெளியில் சொல்லமாட்டாள். அவள் வீட்டிலும் பதிவேட்டில் இல்லாத மாமியார் ஒருத்தி உண்டு.

இந்தச் சனிக்கிழமை அவள் நைட் டியூட்டி முடித்த கையோடு பஸ் ஏறி, மத்தியானம் வந்து சேர்ந்தாள். செருப்பைக் கழற்றவில்லை, குடியிருப்பு மேற்பார்வையாளர் கையில் பதிவேட்டோடு வாசலில் நின்றார். நல்லவேளை, இன்றைக்கு வந்தாரே என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அவன் முகத்திலும் தெம்பு வந்தது.

"ரெண்டு பேரும் இருக்கீங்க. சரி, கையெழுத்துப் போடுங்க" என்று நாற்காலியில் உட்கார்ந்தார். "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடும்மா. நாலு மாடி ஏறினதுல நாக்கு வறண்டுபோச்சு."

அவள் அடுப்படிக்குப் போனாள். டம்ளர் வைக்கிற அலமாரித் தட்டில் காகிதக் கட்டுகள் இருந்தன. பக்கத்து டப்பாவைத் திறந்தாள், மண். அதற்கடுத்ததிலும் மண். தூக்கமில்லாத தலை வேறெதையும் யோசிக்கவில்லை.

"ஏங்க, டம்ளர் எங்க வெச்சிருக்கீங்க?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. அறையில் பேனா நின்றுவிட்டது.

"ஜன்னல்கிட்ட... பேனா போட்டு வெச்சிருக்கேன்" என்றான் அவன், அடித்தொண்டையில்.

பேனாக்களைக் கொட்டி, கழுவி, தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் அவசரமில்லாமல் குடித்து முடித்தார்.

"எந்த ஊர்லம்மா வேலை?"

ஏதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. ஊரைச் சொன்னாள், எட்டு மாதம் என்பதையும் சொன்னாள்.

"அந்த நைட்டிய நானும் ரொம்ப நாளா பாத்துட்டுத்தான் இருக்கேன். இந்த வீட்ல ஒழுங்கா குடியிருந்தது அது ஒண்ணுதான்." சிரிக்காமல்தான் சொன்னார். "முப்பத்தோரு பேர் வரிசையில நிக்கறாங்கம்மா. ஒருத்தருக்குக் கைக்குழந்தை. எழுதாம விட முடியாது."

"ஆய்வேடு குடுக்க நாலு மாசம் இருக்கு சார்" என்றான் அவன்.

"நோட்டீஸ் குடுத்தா ரெண்டு மாசம் டைம். இன்னைக்குத் தேதி போடாம திங்கக்கிழமை போடறேன், ரெண்டு நாள் கூடக் கெடைக்கும். என் கையில இருக்கறது அவ்ளோதான் தம்பி."

அவர் படியிறங்கும் சத்தம் மூன்று மாடிக்குக் கேட்டது.

"கூடப் படிக்கற பசங்களோட மூணு பேராச் சேந்து ரூம் எடுத்துக்கறேன்" என்றான் அவன். "புழுவெல்லாம் லேப்லயே இருக்கட்டும்."

"அதுங்களுக்காவது இடம் இருக்கே."

சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை, அவனுக்கும் இல்லை. கொடியிலிருந்து நைட்டியை எடுத்தாள். அட்டை மாதிரி விறைத்திருந்தது. உதறி மாட்டிக்கொண்டு பாயில் சாய்ந்தாள்.

"பால்கனில போய் நிக்கலையா?" என்றான் பழக்கதோஷத்தில்.

"யார் பாக்கணும் இனிமே? ஆறு மணி பஸ். அஞ்சுக்கு எழுப்புங்க."

எட்டு மாதத்தில் முதல் தடவையாக அந்த வீட்டில் தூங்கினாள். ஐந்து அடித்தபோது அவன் அவள் தோள்வரை கையைக் கொண்டுபோனான். பிறகு எடுத்துக்கொண்டான். அடுத்த பஸ் எட்டு மணிக்குத்தான்.